பாடம் 17: குடும்பத்துக்கு ஒரு வாக்கி-டாக்கி

நவம்பர் மாதம் வந்தால் நம் ஊரில் எல்லாருக்கும் சந்தோஷம். வெயில் குறையும். சாயங்காலம் வெளியே உட்காரலாம். சனிக்கிழமை ஆனால் போதும், கூடாரம், பாய், அடுப்புக்கரி, தண்ணீர்க் கேன், ஒரு பெரிய பாத்திரம் நிறைய புளியோதரை என்று எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மணலைத் தேடிக் கிளம்பிவிடுவோம். துபாயிலிருந்து ஹத்தா போகும் சாலையில் ஒரு பெரிய சிவப்பு மணல்மேடு இருக்கிறதே, 'பிக் ரெட்' என்று சொல்வார்களே, உங்களில் பல பேர் அதில் ஏறிச் சறுக்கி விளையாடியிருப்பீர்கள். தமிழ்நாட்டிலும் சிவப்பு மணல்மேடு உண்டு. திருச்செந்தூர் பக்கம் போனால் பார்க்கலாம். அதை அங்கே 'தேரி' என்பார்கள். சின்னச் சொல், சொல்லிப் பாருங்கள்: தே-ரி.

மணலில் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் ஒரு விதி சொல்வார்கள். ஒரே ஒரு வண்டியில் பாலைவனத்துக்குள் போகாதே. குறைந்தது இரண்டு வண்டி வேண்டும். ஒன்று மணலில் புதைந்தால் இன்னொன்று கயிறு கட்டி இழுக்கும்.

நல்ல விதிதான். ஆனால் இரண்டு வண்டி போனால் இன்னொரு சிக்கல் வரும். முன்னால் போகும் வண்டி ஒரு மேட்டைத் தாண்டி இறங்கிவிட்டால், பின்னால் வரும் வண்டிக்கு அது கண்ணில் படாது. அந்த வண்டி மேட்டுக்கு அந்தப் பக்கம் புதைந்து நின்றால்? பின்னால் வருகிறவருக்கு அது தெரியாது. வேகமாக ஏறி வந்து அதன் மேலேயே இறங்கிவிடலாம். "நில்லுங்க, வராதீங்க!" என்று சொல்ல வேண்டும். கத்தினால் கேட்காது. போன் பண்ணலாமே என்கிறீர்களா? லிவாவுக்குத் தெற்கே உள்ளே போகப் போக சிக்னல் மெலிந்துகொண்டே வரும். ஹஜர் மலையின் 'வாதி'களுக்குள்ளும் பல இடத்தில் சிக்னல் கிடைக்காது. வாதி என்பது அரபுச் சொல். நாம் காட்டாறு என்போம். மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடும் ஆறு.

இந்த மாதிரி இடத்துக்குத்தான் வாக்கி-டாக்கி. ஆனால் கடைக்குப் போனால் நூறு வகை இருக்கும். எதை வாங்குவது? அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம். படித்து முடித்தபின் வீட்டில் அப்பா அம்மாவுக்கு நீங்களே எடுத்துச் சொல்லலாம்.

கோபுரம் இல்லாத பேச்சு

நீங்கள் போனில் பேசும்போது உங்கள் குரல் நேராகப் பாட்டியிடம் போவதில்லை. முதலில் பக்கத்தில் இருக்கும் டவருக்குப் போகும். அங்கிருந்து கம்பி, கடலுக்கடியில் கேபிள், இன்னொரு டவர் என்று சுற்றிக்கொண்டு மதுரைக்குப் போகும். நடுவில் ஒன்று அறுந்தாலும் பேச்சு நின்றுவிடும்.

வாக்கி-டாக்கிக்கு டவர் வேண்டாம். ஒரு கருவியிலிருந்து கிளம்பும் அலை நேராக இன்னொரு கருவிக்குப் போகும். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பக்கத்தில் ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். ஒற்றையடிப் பாதை மாதிரி. எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுத்தினால் இரண்டு பேருக்கும் ஒன்றும் கேட்காது. அண்ணன் தங்கை சண்டைக்கு இந்தக் கருவி சரிப்படாது.

இதைக் கண்டுபிடித்தது யார்? கனடாவில் டொனால்ட் ஹிங்ஸ் என்பவர் 1937-இல் கையில் தூக்கிப் போகும் ரேடியோவைச் செய்தார். அடுத்த வருடம் அமெரிக்காவில் ஆல் கிராஸ் என்பவரும் ஒன்று செய்தார். அப்போது அவருக்கு 20 வயது. பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. போர் வீரர்கள் கையிலும் முதுகிலும் ரேடியோவைச் சுமந்தார்கள். நடந்துகொண்டே பேசலாம் என்பதால் 'வாக்கி-டாக்கி' என்ற பெயர் நிலைத்தது.

1958-இல் அமெரிக்க அரசு 27 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் கொஞ்சம் இடத்தைப் பொதுமக்களுக்கு என்று ஒதுக்கியது. அதற்கு 'சிட்டிசன்ஸ் பேண்ட்', சுருக்கமாக சி.பி., என்று பெயர். ரொம்ப நாள் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதைப் பிரபலமாக்கியதில் நம் பக்கத்து நாடுகளுக்கும் பங்கு உண்டு! 1973-இல் அரபு எண்ணெய் நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. அங்கே பெட்ரோல், டீசல் தட்டுப்பாடு வந்தது. எந்த பங்கில் டீசல் இருக்கிறது, எங்கே போலீஸ் நிற்கிறது என்று லாரி ஓட்டுநர்கள் சி.பி. ரேடியோவில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் வாங்கினார்கள். கூட்டம் தாங்காமல், முதலில் 23 சேனல் இருந்ததை 1977-இல் 40 சேனலாகக் கூட்டினார்கள்.

11 மீட்டரும் ஒரு சாணும்

சரி, நம் வீட்டுக்கும் ஒரு சி.பி. வாங்கிவிடலாமா? அவசரப்படாதீங்க. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் போகும். ஒரு நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர். ஓர் அலையின் நீளம் தெரிய வேண்டுமானால் 300-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் போதும். விடை மீட்டரில் வரும்.

சி.பி.: 300 ÷ 27 = சுமார் 11 மீட்டர்.

ஓர் ஆன்டெனா நன்றாக வேலை செய்ய அலைநீளத்தில் கால் பங்காவது இருந்தால் நல்லது. 11-இல் கால் பங்கு 2¾ மீட்டர். உங்கள் வீட்டுத் தரையிலிருந்து கூரை வரை கையை நீட்டிக் காட்டுங்கள், கிட்டத்தட்ட அவ்வளவு உயரம். லாரி மேலே இப்படி நீளமான கம்பியை மாட்டலாம். கையில் பிடிக்கும் கருவியில் மாட்ட முடியுமா? முடியாது. அதனால் கம்பியைச் சுருட்டிச் சுருட்டி ஒரு குட்டை ரப்பர் குழாய்க்குள் வைத்துவிடுகிறார்கள். சுருட்டிய ஆன்டெனாவில் பேட்டரியின் சக்தி நிறைய வீணாகிறது. காரில் மாட்டும் சி.பி. நல்லது. கையில் பிடிக்கும் சி.பி. கொஞ்சம் பாவம்.

இப்போது இன்னொரு வகையைப் பார்க்கலாம். ஐரோப்பாவில் குடும்பங்களுக்கு என்றே 446 மெகாஹெர்ட்ஸில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். 'பி.எம்.ஆர். 446' என்று பெட்டியில் போட்டிருக்கும். இந்தியாவிலும் 446 பக்கத்தில் குறைந்த சக்தியுள்ள கருவிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று 2018-இல் விதி வந்தது.

300 ÷ 446 = 0.67 மீட்டர். அதாவது 67 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு சுமார் 17 சென்டிமீட்டர். உங்கள் கையை விரித்துக் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை அளந்து பாருங்கள். அதற்குப் பெயர் 'சாண்'. உங்கள் கையால் ஒரு சாண்தான் அந்த ஆன்டெனா! கைக்கு அடக்கமான கருவிக்கு இது சரியாகப் பொருந்துகிறது. இதன் சக்தி அரை வாட்தான். சி.பி.க்கு 4 வாட் வரை உண்டு. இருந்தும், குழந்தைகள் கையில் கொடுக்க 446 வகைதான் மேல் என்பது என் கருத்து. எடை குறைவு, ஆன்டெனா கண்ணில் குத்தாது, விலையும் குறைவு.

பெட்டியில் 35 கிலோமீட்டர், மணலில் எவ்வளவு?

சில பெட்டிகளின் மேல் பெரிய எழுத்தில் '35 கி.மீ.' என்று போட்டிருக்கும். நம்பலாமா?

பூமி உருண்டை. நீங்கள் கடற்கரையில் நின்று கடலைப் பார்த்தால் ஒரு கோடு வரைதான் தெரியும். அதற்கு 'தொடுவானம்' என்று பெயர். வானம் வந்து கடலைத் தொடுவது மாதிரி தெரிகிற இடம். எவ்வளவு அழகான சொல் பாருங்க! உங்கள் கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் சுமார் 4½ கிலோமீட்டரில் வந்துவிடும். இந்த வகை ரேடியோ அலையும் பெரும்பாலும் நேர்க்கோட்டில்தான் போகும். ஒளியைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளையும், அவ்வளவுதான். தட்டையான தரையில் இரண்டு பேர் நின்றுகொண்டு பேசினால் மிஞ்சி மிஞ்சிப் போனால் 9, 10 கிலோமீட்டர். அதுவும் நடுவில் ஒரு மேடுகூட இல்லாமல் இருந்தால்! அரை வாட் கருவிக்கு மணல்மேடுகளுக்கு நடுவில் இரண்டு மூன்று கிலோமீட்டர் கிடைத்தால் சந்தோஷப்படலாம். கராமா, ரோலா மாதிரி கட்டடம் நெருங்கிய இடத்தில் ஒரு கிலோமீட்டர் கிடைத்தாலே நல்லது.

அப்படியானால் 35 எங்கிருந்து வந்தது? ஒருவர் உயரமான மலை உச்சியில் நிற்கிறார், இன்னொருவர் கீழே திறந்த வெளியில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அவ்வளவு தூரம் கேட்கலாம். பெட்டிக்காரர் முழுப் பொய் சொல்லவில்லை. ஆனால் நாம் மலை உச்சியில் குடியிருக்கவில்லையே.

இதிலிருந்து ஒரு நல்ல யோசனை கிடைக்கிறது. குரல் கேட்கவில்லை என்றால் அதிக விலையுள்ள கருவி வேண்டியதில்லை. மேட்டின் மேல் ஏறுங்கள். 'பிக் ரெட்' சுமார் 100 மீட்டர் உயரம். அதன் உச்சியில் தொடுவானம் 36 கிலோமீட்டருக்குப் போய்விடும். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் சூத்திரம்: உயரத்தை மீட்டரில் எழுதி, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்குங்கள். 100-இன் வர்க்கமூலம் 10. ஆக 35.7.

2023-இல் எமிரேட்ஸ் விண்வெளி வீரர் சுல்தான் அல் நெயாதி ஆறு மாதம் விண்வெளி நிலையத்தில் இருந்தார். அங்கிருந்து அமெச்சூர் ரேடியோ வழியாக மாணவர்களோடு பேசினார். நிலையம் நம் தலைக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. அந்த 400 கிலோமீட்டரைத் தாண்டிக் குரல் வந்துவிடுகிறது, ஏனென்றால் நடுவில் தடை எதுவும் இல்லை. ஆனால் பக்கத்து மேட்டுக்குப் பின்னால் இருக்கும் சித்தப்பா குரல் வராது. வேடிக்கைதான், இல்லையா?

மணலும் தண்ணீரும் சூடும்

நம் ஊர் மணல் மாவு மாதிரி இருக்கும். எங்கே இடுக்கு இருந்தாலும் நுழையும். பட்டன் இடுக்கில் நுழைந்தால் பட்டன் சிக்கிக்கொள்ளும். பேசும் பட்டன் சிக்கினால் உங்கள் கருவி விடாமல் அலையை அனுப்பிக்கொண்டே இருக்கும், மற்றவர்கள் யாரும் பேச முடியாது. அதனால் கருவி உறுதியாக இருக்க வேண்டும். உறுதி என்று கடைக்காரர் சொன்னால் போதாது. பெட்டியில் 'ஐ.பி.' என்று இரண்டு எழுத்தும் பக்கத்தில் இரண்டு எண்ணும் இருக்கிறதா என்று தேடுங்கள்.

முதல் எண் தூசிக்கு. அதில் 6-தான் பெரிய எண். தூசி உள்ளே போகவே போகாது. 5 என்றால் கொஞ்சம் போகலாம், ஆனால் கருவி கெடாது. இரண்டாவது எண் தண்ணீருக்கு. 4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். ஆக 'ஐ.பி. 54' சுமார், 'ஐ.பி. 67' நல்லது. பாலைவனத்துக்குப் போகிறவர்கள் முதல் எண்ணைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். கடைகளில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று பெரிதாக எழுதி முதல் எண்ணைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

சில கருவிகளில் 'மில்-எஸ்.டி.டி.-810' என்றும் இருக்கும். அது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறை. அந்த முறையில் ஒரு சோதனை உண்டு: கருவியைச் சுமார் 1.22 மீட்டர் உயரத்திலிருந்து 26 தடவை கீழே போட்டுப் பார்ப்பார்கள். மூலை, விளிம்பு, முகம் என்று எல்லாப் பக்கமும் அடிபட வேண்டும். உங்கள் வீட்டில் தம்பி தங்கை இருந்தால் இந்தச் சோதனை தானாகவே நடந்துவிடும்.

அடுத்தது பேட்டரி. கோடையில் மூடிய வண்டிக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டும். லித்தியம் பேட்டரிக்குச் சூடு பிடிக்காது. பல பேட்டரிகளை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்று கையேட்டிலேயே போட்டிருக்கும். கருவியை டாஷ்போர்டில் விட்டுவிட்டு வரக் கூடாது. சாதாரண பென்சில் பேட்டரி போடும் வசதியும் இருந்தால் இன்னும் நல்லது. வழியில் பெட்ரோல் பங்கிலேயே வாங்கிவிடலாம்.

காற்று யாருடையது?

இது முக்கியமான இடம். மெதுவாகப் படியுங்கள்.

ரேடியோ அலை போகும் வழி எல்லாருக்கும் பொது. சாலை மாதிரி. சாலையில் பள்ளிப் பேருந்து, ஆம்புலன்ஸ், லாரி எல்லாம் போக வேண்டும் என்றால் விதி வேண்டும் அல்லவா? எமிரேட்ஸில் அந்த விதியைப் போடுவது தொலைத்தொடர்பு மற்றும் டிஜிட்டல் அரசு ஒழுங்குமுறை ஆணையம். சுருக்கமாக டி.டி.ஆர்.ஏ. எந்தக் கருவியை விற்கலாம், எந்த அலைவரிசையில் பேசலாம் என்று அதுதான் சொல்லும். ஓமான், கத்தார், குவைத், பஹ்ரைன், சவுதி என்று ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி அமைப்பு உண்டு. முசந்தம் மலைக்குப் போகும்போது எல்லையைத் தாண்டி ஓமானுக்குள் நுழைகிறோம். அங்கே அந்த நாட்டு விதி. அதனால் வாங்கும் முன் அப்பாவோ அம்மாவோ கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை இல்லை. "இதுக்கு இங்க அனுமதி இருக்கா? காட்டுங்க" என்பதுதான்.

அமெரிக்காவில் இருக்கும் மாமா ஆசையாக ஒரு ஜோடி வாங்கி அனுப்பலாம். அங்கே குடும்பங்கள் பேசுவது 462, 467 மெகாஹெர்ட்ஸில். இங்கே அந்த இடம் வேறு யாருக்காவது ஒதுக்கப்பட்டிருக்கலாம். மாமாவுக்கு நன்றி சொல்லிவிட்டு அதைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.

இன்னொரு வகை மலிவான செட் உண்டு. 136-இலிருந்து 174 வரை, 400-இலிருந்து 520 வரை எந்த எண்ணையும் நாமே போட்டுக்கொள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதைக் குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது. ஏன் என்று புரிய நாம் கொஞ்சம் கடலுக்குப் போக வேண்டும்.

நாகப்பட்டினம், ராமேஸ்வரம், கன்னியாகுமரி மீனவர்கள் படகில் வி.எச்.எஃப். ரேடியோ வைத்திருப்பார்கள். அதில் தமிழிலேயே பேசுவார்கள். எங்கே மீன் கிடைக்கிறது, காற்று எப்படி, யார் வலை கிழிந்தது, எல்லாம் அதில் போகும். உலகம் முழுக்கக் கடலில் ஆபத்து என்றால் கூப்பிடும் சேனல் ஒன்று இருக்கிறது. அது 16-ஆம் சேனல். அதன் எண் 156.8 மெகாஹெர்ட்ஸ். இப்போது மேலே பாருங்கள். 136-க்கும் 174-க்கும் நடுவில் 156.8 வருகிறதா? வருகிறது. ஷார்ஜா கடற்கரையில் ஒரு குழந்தை தெரியாமல் அந்த எண்ணைப் போட்டுப் பட்டனை அழுத்திக்கொண்டு பாட்டுப் பாடினால், பக்கத்துக் கடலில் "காப்பாத்துங்க" என்று கூப்பிடும் ஒருவரின் குரல் யாருக்கும் கேட்காமல் போகலாம்.

குரல் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பது தமிழ் மீனவர்களுக்கு நன்றாகத் தெரியும். 2017 நவம்பர் 30. ஒக்கி என்ற புயல் கன்னியாகுமரிப் பக்கம் வந்தது. குமரி மாவட்டத்து மீனவர்கள் கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய் மீன் பிடிக்கிறவர்கள். பல நாள் கடலிலேயே தங்குவார்கள். புயல் வருகிறது என்ற செய்தி கரையில் இருந்தது. ஆனால் ஆழ்கடலில் இருந்த பல படகுகளுக்கு அது போய்ச் சேரவில்லை. தொடுவானம் என்று படித்தோமே, அதே கதைதான். கரையில் இருக்கும் ரேடியோவின் குரல் சில பத்து கிலோமீட்டருக்கு மேல் எட்டாது. பல பேர் திரும்பி வரவில்லை. 2019-இல் 'ஜெமினி' என்ற கருவியை இந்திய அரசு அறிமுகம் செய்தது. செயற்கைக்கோள் வழியாகப் புயல் செய்தி அதற்கு வரும். ஆனால் அதில் கேட்க மட்டும்தான் முடியும், மீனவர் பதில் பேச முடியாது. பாதிக் கதவு திறந்த மாதிரி.

வாக்கி-டாக்கிக்கும் அப்படித்தான் ஓர் எல்லை உண்டு. அது சித்தப்பா வண்டியைக் கூப்பிடும், போலீஸைக் கூப்பிடாது. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சிக்னல் கிடைக்கும் இடத்தில் 999 போலீஸ், 998 ஆம்புலன்ஸ். ரொம்ப உள்ளே போகிறவர்கள் செயற்கைக்கோள் போன் வைத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட போன் சேவை தரும் நிறுவனம் ஒன்றை 1997-இல் இந்த நாட்டிலேயே ஆரம்பித்தார்கள். பெயர் துரையா. அரபு மொழியில் அது ஒரு நட்சத்திரக் கூட்டத்தின் பெயர். எந்தக் கூட்டம் தெரியுமா? நாம் கார்த்திகை என்று சொல்கிறோமே, அதே ஆறு நட்சத்திரம்தான்.

தமிழில் பேசினால்

ரேடியோவில் 'கரகர' என்று இரைச்சல் வரும். அதனால் பாதிச் சொல் காணாமல் போகும். முதலில் பட்டனை அழுத்துங்கள், ஒரு நொடி பொறுங்கள், பிறகு பேசுங்கள். பொறுக்காவிட்டால் முதல் எழுத்து விழுந்துவிடும். "வராதீங்க" என்பதில் கடைசி விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்க! அதனால்தான் முக்கியமான சொல்லை இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

எண்களும் ஏமாற்றும். பேச்சில் 9-ஐ 'ஒம்பது' என்கிறோம், 50-ஐ 'அம்பது' என்கிறோம். இரைச்சலில் இரண்டும் ஒன்றுதான். அதனால் 50 என்று சொல்லாமல் 'ஐந்து, பூஜ்யம்' என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். 'ஏழு'வும் 'ஆறு'ம்கூடச் சில நேரம் குழப்பும்.

எழுத்தைச் சொல்ல விமானிகள் ஆல்ஃபா, பிராவோ என்பார்கள். நமக்கு அது வேண்டாம். முதல் வகுப்பில் படித்தது போதும். அ அம்மா, ஆ ஆடு, இ இலை, எ எலி, ஏ ஏணி, ஒ ஒட்டகம். பாருங்க, நம் ஊருக்கு ஏற்ற மாதிரி ஒட்டகம்கூட இருக்கிறது.

வீட்டு விலாசம், முழுப் பெயர், பள்ளிக்கூடத்தின் பெயர் எதையும் ரேடியோவில் சொல்லக் கூடாது. சில கருவிகளில் 'பிரைவசி கோட்' என்று ஒன்று இருக்கும். அது நம் காதில் மற்றவர் பேச்சு விழாமல் தடுக்கும். மற்றவர் காதில் நம் பேச்சு விழுவதைத் தடுக்காது. அதனால் ஒரு விளையாட்டுப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள். கீழே முன்னால் போகும் வண்டிக்கு 'மயில்', பின்னால் வரும் வண்டிக்கு 'ஒட்டகம்'. இரண்டு பேர் சேர்ந்து சத்தமாகப் படியுங்கள். இது பேச்சுத் தமிழ், எழுத்துத் தமிழ் இல்லை.

மயில்: ஒட்டகம், ஒட்டகம், நான் மயில். சித்தப்பா, கேட்குதா? ஓவர்.

ஒட்டகம்: கேட்குது கண்ணா. சொல்லு. ஓவர்.

மயில்: நில்லுங்க, நில்லுங்க. மேட்டுக்கு இந்தப் பக்கம் எங்க வண்டி மணல்ல புதைஞ்சிருச்சு. ஏறி வராதீங்க. ஏறி வராதீங்க. ஓவர்.

ஒட்டகம்: சரி, நின்னுட்டேன். வரல. யாருக்காவது அடிபட்டிருக்கா? ஓவர்.

மயில்: இல்ல, எல்லாரும் நல்லா இருக்கோம். அப்பா டயர்ல காத்தை எறக்கிட்டு இருக்காங்க. நீங்க இடது பக்கமா சுத்தி நடந்து வாங்க. கயிறு எடுத்துட்டு வாங்க. ஓவர்.

ஒட்டகம்: இடது பக்கம், கயிறு. வரேன். நீ மேட்டு மேல ஏறி நில்லு, கையைக் காட்டு. ஓவர்.

மயில்: ஏறிட்டேன் சித்தப்பா! உங்க வண்டி தெரியுது. சித்தி கையில புளியோதரை பாத்திரம் தெரியுது. அதையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. ஓவர்.

சித்தப்பா என்ன செய்தார், கவனித்தீர்களா? கேட்டதைத் திருப்பிச் சொன்னார்: "இடது பக்கம், கயிறு." சரியாகக் கேட்டிருக்கிறது என்று இப்போது மயிலுக்கும் தெரிந்துவிட்டது.

புதிய சொற்கள்

தேரி: சிவப்பு மணல்மேடு. தொடுவானம்: வானமும் தரையும் தொடுவது போலத் தெரியும் இடம். சாண்: விரித்த கையின் நீளம். அலைநீளம்: ஓர் அலையின் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரம். இரைச்சல்: தெளிவில்லாத சத்தம். காட்டாறு: மழைக் காலத்தில் மட்டும் திடீரென்று ஓடும் ஆறு.

பயிற்சி

1. ஒரு கருவி 150 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. அதன் அலைநீளம் என்ன? கால் பங்கு எத்தனை சென்டிமீட்டர்? உங்கள் சாணால் எத்தனை சாண்?

2. ஒரு கடையில் மூன்று கருவி இருக்கிறது. முதலாவது 'ஐ.பி. 67', அரை வாட், அனுமதிச் சான்று உண்டு. இரண்டாவது 'ஐ.பி. 54', 5 வாட், எந்த எண்ணையும் போடலாம், சான்று இல்லை. மூன்றாவது கையில் பிடிக்கும் சி.பி., 4 வாட், சான்று பற்றிக் கடைக்காரருக்குத் தெரியவில்லை. உங்கள் குடும்பத்துக்கு எதை வாங்குவீர்கள்? மூன்று வாக்கியத்தில் எழுதுங்கள். 'ஏனென்றால்' என்ற சொல் ஒரு தடவையாவது வர வேண்டும்.

3. மயிலும் ஒட்டகமும் பேசியதில் "புதைஞ்சிருச்சு", "எறக்கிட்டு இருக்காங்க", "எடுத்துட்டு வாங்க" என்று வருகிறது. இவற்றை எழுத்துத் தமிழில் மாற்றி எழுதுங்கள்.

4. இரண்டு பேர் முதுகோடு முதுகாகத் திருப்பி உட்காருங்கள். ஒருவர் ஒரு படத்தைப் பார்த்து 'ஓவர்' போட்டுப் பேசி விவரிக்கட்டும், இன்னொருவர் கேட்டு வரையட்டும். கேட்கிறவர் ஒவ்வொரு தடவையும் திருப்பிச் சொல்ல வேண்டும்.

5. உங்கள் பாட்டி தாத்தாவிடம் போனில் கேளுங்கள்: அவர்கள் சின்ன வயதில் 'ஒ' என்ற எழுத்துக்கு என்ன படம் போட்டிருந்தது? 'ஈ'-க்கு? 'ஔ'-க்கு? எழுதிக்கொண்டு வந்து வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.